குடலில் வாழும் நுண்ணுயிர்களும் மனச்சோர்வும்



நம் பேச்சுத் தமிழைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அச்சம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். கெட்ட செய்தி காதில் விழுந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தாற்போல் ஆகிறது. அடுத்த வீட்டுக்காரர் முன்னேறினால் சிலருக்கு வயிற்றெரிச்சல். காணாமற்போன பிள்ளை கிடைத்துவிட்டான் என்று சேதி சொல்பவரைப் பார்த்து, 'என் வயிற்றிலே பாலை வார்த்தீர்கள்' என்கிறாள் தாய். மனத்தில் நடப்பதை வயிற்றின் கணக்கில் எழுதி வைத்த மொழி நம் மொழி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு உளநூல் கற்பித்தபோது, மனம் என்றால் மூளை என்பதோடு பாடம் முடிந்துவிட்டது. வயிற்றுப் பக்கம் எவரும் போகவில்லை. கடந்த இருபது ஆண்டுக்கால ஆராய்ச்சியோ மூளையிலிருந்து கீழே இறங்கி, குடலில் வாழும் நுண்ணுயிர்களிடம் போய் நிற்கிறது. மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்வதில் அந்த நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டா என்று இன்று பார்ப்போம். இதை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள். இந்த ஆராய்ச்சியில் சிங்கப்பூருக்குக் குறிப்பிடத்தக்க இடம் உண்டு என்பது ஒன்று. மற்றொன்றைப் பிறகு சொல்கிறேன்.

கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே நாம் கையைக் கழுவப் போகிறோம். ஆனால் நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் கழகத்தார் 2016ஆம் ஆண்டு போட்ட கணக்கின்படி, நடுத்தர உடற்கட்டுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. அவருடைய சொந்த உயிரணுக்களோ 30 லட்சம் கோடிதான். ஒன்றுக்குப் பத்து என்று பழைய நூல்களில் படித்திருப்பீர்கள். அது மிகைக் கணக்கு. எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிராம்தான். பிறக்கும்போது தாயிடமிருந்தும், பிறகு பாலிலிருந்தும் மண்ணிலிருந்தும் உணவிலிருந்தும் இவை வந்து சேருகின்றன.

நம் குடலால் செரிக்க இயலாத நார்ப்பொருளை இவை புளிக்கவைத்து உண்கின்றன. அப்போது பியூட்டிரேட் என்ற அமிலம் உண்டாகிறது. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுவே முக்கியமான உணவு. சுவர் வலுவாக இருந்தால் வேண்டாத பொருள்கள் இரத்தத்திற்குள் கசிவதில்லை. உடலில் அழற்சியும் குறைகிறது. மனச்சோர்வுற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் மிகுந்து காணப்படுவது பல ஆய்வுகளில் தெரிய வந்த செய்தி. குடலையும் மனத்தையும் இணைக்கும் வழிகளுள் இஃது ஒன்று.

மற்றொரு வழி நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, நெஞ்சைக் கடந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் என்ற நீண்ட நரம்பு இருக்கிறது. நான் பணிபுரிவது ஜோகூரில், செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில். தோட்டத்தில் எப்போதும் ஆபீஸிலிருந்து லயத்துக்குத்தான் உத்தரவு வரும். லயத்திலிருந்து ஆபீஸுக்குப் போகும் தாக்கல் குறைவு. வேகஸ் நரம்பில் நிலைமை தலைகீழ். அதன் இழைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகள்! 2011இல் அயர்லாந்தின் கார்க் நகரில் ஓர் ஆய்வு செய்தார்கள். சுண்டெலிகளுக்கு லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைக் கொடுத்தபோது, அவற்றின் அச்சமும் சோர்வும் குறைந்தன. வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. செய்தி போன பாதை எது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

இனி, சுண்டெலிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிருமியே இல்லாத மனிதனைக் காண முடியாது. ஆனால் கிருமியே இல்லாத சுண்டெலியை வளர்க்க முடியும். கிருமி நீக்கிய கூண்டுக்குள், கிருமி நீக்கிய காற்றும் நீரும் தீனியும் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். இப்படி வளர்ந்த எலிகளை வைத்து ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூடோ குழுவினர் 2004இல் ஒரு முடிவை வெளியிட்டனர். நகர முடியாதபடி சிறிது நேரம் அடைத்து வைத்தால் எந்த எலிக்கும் பதற்றம் வரும். பதற்றத்தின் ஹார்மோன் இரத்தத்தில் ஏறும். கிருமியற்ற எலிகளுக்கோ அது அளவுக்கு மீறி ஏறியது. பிஃபிடோ பாக்டீரியா ஒன்றைக் கொடுத்தபோது ஏற்றம் சீரடைந்தது.

அடுத்து வந்ததுதான் சிங்கப்பூரின் பங்கு. புவோனா விஸ்தா வட்டாரத்தில் பயோபொலிஸ் என்ற ஆராய்ச்சி வளாகம் இருக்கிறதல்லவா? அங்குள்ள சிங்கப்பூர் ஜீனோம் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. தரையிலிருந்து உயரத்தில் சிலுவை வடிவில் பலகைப் பாதை அமைத்து அதில் எலியை விட்டார்கள். இரண்டு கிளைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. அச்சமுள்ள எலி சுவருக்குள்ளேயே பதுங்கும். கிருமியற்ற எலிகளோ திறந்த கிளைகளில் துணிந்து உலாவின. அதாவது, அவற்றுக்கு அச்சம் குறைவு. குட்டிப் பருவத்திலேயே கிருமிகள் குடியேறிய எலிகள் மற்ற எலிகளைப் போல் நடந்துகொண்டன. வளர்ந்த பின் குடியேற்றிப் பார்த்தால் அந்த மாற்றம் வரவில்லை. மூளை உருவாகும் இளம் பருவத்தில் குடலுக்கும் அதில் ஒரு கை உண்டு என்பது இதனால் புலப்பட்டது.

இந்த ஆய்வை நடத்தியவர்களுள் ஸ்வென் பெட்டர்சன் என்பவர் பின்னர் சிங்கப்பூரிலேயே பணியாற்றினார். டியூக் என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரியும் தேசிய நரம்பியல் கழகமும் சேர்ந்து செய்து 2025இல் வெளியிட்ட புதிய ஆய்விலும் அவர் பங்கு கொண்டார். அதில் கிடைத்த விடையைக் கேட்டால் வியப்படைவீர்கள். இம்முறை கிருமியற்ற எலிகளுக்கு அச்சம் அதிகம்! மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் நரம்பணுக்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றை அடக்கும் 'பிரேக்' போன்ற அமைப்பு சரியாக இயங்கவில்லை. குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் இந்தோல் என்ற பொருளைக் கொடுத்தபோது துடிப்பு தணிந்தது, எலிகளும் அமைதியடைந்தன.

முன்பு அச்சம் குறைவு என்றார்கள், இப்போது அதிகம் என்கிறார்களே, எதை நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். என் மாணவர்களும் இப்படித்தான் கேட்பார்கள். இரண்டு ஆய்வுகளிலும் கிருமி இல்லாத எலியின் மனம் கிருமி உள்ள எலியின் மனத்தைப் போல் இல்லை, அதுவரை உறுதி. எந்தத் திசையில், எவ்வளவு என்ற கேள்விக்கு இன்னும் ஒரே விடை வரவில்லை. இப்படி ஒன்றுக்கொன்று மாறான முடிவுகளையும் மறைக்காமல் வெளியிடுவதால்தான் நான் அறிவியலை நம்புகிறேன்.

டியூக் என்.யு.எஸ். கல்லூரி இருக்கும் ஊட்ரம் பகுதிக்கு அக்காலத்தில் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர். இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடம். சிங்கப்பூரில் மனநோயாளிகளுக்கு முதலில் இடம் ஒதுக்கியது 1841இல், பிராஸ் பசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில். முப்பது படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனை. பின்பு அது கண்டாங் கெர்பாவ் பக்கம், நம் தேக்காவுக்கு அருகிலேயே, இடம் மாறியது. 1887இல் சிப்பாய் லைன்ஸுக்குப் போயிற்று. அங்கே பெண் நோயாளிகள் இருந்த கட்டடம் காலியானதும், 1905இல் அதிலேதான் சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். மனநோயாளிகளுக்கோ 1928இல் இயோ சூ காங் பகுதியில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று பெயரிட்டனர். 'உட்பிரிட்ஜில் சேர்க்க வேண்டியதுதான்' என்று ஒருவரை ஏளனம் செய்யும் வழக்கம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1993இல் புவாங்கோக்கிற்குச் சென்ற அந்த மருத்துவமனையே இன்றைய மனநலக் கழகம். ஏளனத்துக்கு அஞ்சி நோயை மறைத்தவர்கள் எத்தனை பேரோ!

நோய் அரிதானதும் அன்று. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் வளர்ந்தவர்களில் 6.3 சதவீதத்தினர், அதாவது பதினாறு பேரில் ஒருவர், வாழ்நாளில் ஒரு முறையேனும் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். மனநலக் கோளாறு உடையவர்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவில்லை என்பதும் அதே ஆய்வு சொன்ன சேதி. நம்மவர்கள் நாடினாலும் எப்படி நாடுகிறார்கள்? 'பசியே இல்லை, டாக்டர்', 'வயிறு ஊதிக்கொண்டே இருக்கிறது', 'ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது' என்கிறார்கள். துக்கத்தைச் சொல்ல வெட்கம். வயிற்று நோவைச் சொல்ல வெட்கமில்லை.

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். 2019இல் பெல்ஜியத்தில் 1,054 பேரின் மலத்தைச் சோதித்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் என்னும் இரு பாக்டீரியா இனங்கள் குறைந்திருந்தன. மனச்சோர்வு மாத்திரை உட்கொள்வதால் வந்த வேறுபாடோ என்று அதையும் கழித்துப் பார்த்தார்கள். குறைவு அப்படியே இருந்தது. ஆயினும் இதைக் கொண்டு காரணம் சொல்லிவிட முடியாது. கிருமி குறைந்ததால் சோர்வு வந்ததா, சோர்ந்தவர் ஒழுங்காகச் சாப்பிடாததால் கிருமி குறைந்ததா? விதை முந்தியா, மரம் முந்தியா என்ற கதைதான். கார்க் நகரத்தாரும் சீன ஆராய்ச்சியாளர்களும் 2016இல் தனித்தனியே ஒரு வழி கண்டனர். மனச்சோர்வுற்றவர்களின் குடல் கிருமிகளை எலிகளின் குடலில் சேர்த்தார்கள். எலிகளும் சோர்ந்த குணங்களைக் காட்டின. ஆகவே கிருமிகளும் காரணமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அப்படியானால் நல்ல கிருமிகளைக் கொடுத்து மனச்சோர்வைக் குணப்படுத்தலாமே? இந்த ஆசை புதிதன்று. லண்டன் பெத்லம் மருத்துவமனையில் ஜார்ஜ் போர்ட்டர் பிலிப்ஸ் என்ற மருத்துவர், தயிர் போன்ற புளிப்புப் பால் பொருள்களில் வாழும் லாக்டிக் அமிலக் கிருமியை 18 மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 11 பேர் முழுக் குணமடைந்தனர் என்றும் இருவர் தேறினர் என்றும் 1910இல் எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருமி கொடுக்காத இன்னொரு கூட்டத்தை வைத்து அவர் ஒப்பிடவில்லை. மனச்சோர்வு சிலருக்குத் தானாகவே தணிவதும் உண்டல்லவா?

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அண்மையில்தான் வந்தன. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 47 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு 31 நாள் நல்ல கிருமிகள்; மற்றவர்களுக்கு அதே போன்ற வெற்றுப் பொடி. கிருமி உண்டவர்களின் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் உண்பதை நிறுத்திய சில வாரங்களில் குடலில் அந்தக் கிருமிகளும் மறுபடி குறைந்துபோயின. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், மாத்திரையால் முழுப் பலன் பெறாத சுமார் 50 பேரை எட்டு வாரம் கவனித்து, 2023இல் முடிவை வெளியிட்டனர்; அங்கும் முன்னேற்றம் தெரிந்தது. இவ்விரு ஆய்வுகளிலும் நோயாளிகள் தங்கள் வழக்கமான சிகிச்சையை விடவில்லை. கிருமி அதற்குத் துணையாகச் சேர்ந்ததே தவிர, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. ஐம்பது பேர் என்பதும் சிறிய எண்ணிக்கையே. பெரிய சோதனைகள் இனிமேல்தான் வேண்டும்.

இப்போது இரண்டாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பழைய மாணவன் ஒருவன் நாள்தோறும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவனுக்கு மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், "சார், மாத்திரை போட்டா வாந்தி வர்ற மாதிரி இருக்கு சார். வயித்துக்கு நல்ல கிருமின்னு ஒரு டப்பா விக்கிறாங்க. மனசுக்கும் அதுவே போதும்னு எழுதியிருக்கு. மாத்திரைய நிறுத்திட்டு இதையே சாப்பிடலாமா?" என்று கேட்டான். நான் மருத்துவன் அல்லன். ஆனால் அவன் கேள்விக்கு விடை அந்தக் குமட்டலிலேயே இருந்தது.

மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மாத்திரைகள் செரட்டோனின் என்ற பொருளின் போக்கை மாற்றுபவை. நம் உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உண்டாகிறது. குடல் அசைவுக்கும் குமட்டலுக்கும் அதுவே ஒரு காரணம். ஆகவே மாத்திரை மூளைக்குப் போகிற வழியில் குடலையும் தொட்டுவிடுகிறது. முதல் வாரங்களில் குமட்டுவது அதனால்தான். பெரும்பாலோர்க்கு இரண்டொரு வாரத்தில் அது அடங்கும். மனத்துக்குப் பலன் தெரியவோ சில வாரங்கள் பிடிக்கும். தொல்லை முன்னே வருகிறது, நன்மை பின்னே வருகிறது. இடையில் பலர் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். "தம்பி, டாக்டரிடம் குமட்டலைச் சொல். சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வார், அல்லது அளவை மாற்றுவார், அல்லது வேறு மாத்திரை தருவார். டப்பாவைக் கூடச் சாப்பிடலாமா என்பதையும் அவரிடமே கேள்" என்றேன். குடலில் செரட்டோனின் பெருகினால் மனம் மகிழும் என்று விளம்பரங்களில் எழுதுவதும் சரியன்று. குடலில் உண்டாகும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. குடல் மூளையோடு பேசுவது நான் முன்பு சொன்ன மற்ற வழிகளில்தான்.

அந்த டப்பாக்களைப் பற்றி இன்னொரு சேதி. ஜீனோம் கழகத்தார் சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 109 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டனர். உலகப் பட்டியல்களில் இடம்பெறாத இனங்கள் பல அதில் அகப்பட்டன. பட்டியல்கள் பெரும்பாலும் மேலைநாட்டார் குடலை வைத்து எழுதப்பட்டவை. அவர்களுக்குப் பலித்த கிருமி நமக்கும் அப்படியே பலிக்கும் என்று இப்போதே சொல்வதற்கில்லை.

உணவு? இதில் எனக்கு நம்பிக்கை சற்றுக் கூடுதல். ஆஸ்திரேலியாவில் 67 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்குக் காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன், கொட்டை வகைகள் நிறைந்த உணவை மூன்று மாதம் பழக்கினார்கள். மற்றவர்களுக்குப் பேச்சுத்துணை மட்டும். உணவை மாற்றியவர்களில் 32 சதவீதத்தினர் நோயிலிருந்து விடுபட்டனர். மற்றவர்களில் 8 சதவீதத்தினர். யார் எந்த உணவு உண்கிறார் என்பது அவரவர்க்குத் தெரியும் என்பதால் மனநம்பிக்கையும் பலனில் கலந்திருக்கலாம். இருந்தாலும் இந்த உணவால் கெடுதல் இல்லை, செலவும் பெரிதில்லை. தேக்கா சந்தையில் வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைப்பயறு எல்லாம் கிடைக்கின்றன. நார் நிறைந்த இவைதாம் குடல் கிருமிகளுக்குத் தீனி. கிருமியை விலைக்கு வாங்குவதைவிட, இருக்கும் கிருமிக்குச் சோறு போடுவது முதல் வேலை என்பேன்.

சந்தையை ஒட்டியே பஃபலோ ரோடு இருக்கிறது. கண்டாங் கெர்பாவ் என்றாலே மலாய் மொழியில் எருமைத் தொழுவம். மாடும் எருமையும் வளர்த்து நம்மவர்கள் பால் விற்ற வட்டாரம் அது. தயிரிலும் மோரிலும் உயிருள்ள கிருமிகள் உண்டு. ஆனால் மோரைக் குழம்பாகக் கொதிக்கவைத்தால் அவை மடிந்துவிடும். இட்லி மாவைப் பொங்கவைக்கும் கிருமிகளும் ஆவியில் வெந்துபோகின்றன. தயிர்ச்சோறு நல்ல உணவு. மனச்சோர்வுக்கு அது மருந்து என்று எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை. சோதனைகளில் கொடுத்தது குறிப்பிட்ட சில கிருமிகளை, மிகப் பெரிய அளவில். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள் போல நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்கள் அத்தகைய கிருமி மாத்திரைகளை டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேலாக, எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் கெட்டு, தன்னைத்தானே வெறுத்துக்கொண்டு ஒருவர் இருந்தால், வயிற்றுக்கு மருந்து கேட்கப் போனாலும் சரி, அந்த நாட்டமின்மையையும் டாக்டரிடம் சொல்லட்டும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலேயே இதைத் தொடங்கலாம். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767 என்ற எண். இரண்டிலும் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.